கூப்பிய கைக்குள் ஒரு ஸ்டாப்வாட்ச்

தேங்காய் உடைகிற சத்தம் கேட்டால் என் வலது கட்டைவிரல் துடிக்கும். சிரிக்காதீர்கள், இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. லிட்டில் இந்தியாவில் கோவில் வாசலைத் தாண்டிப் பூக்கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். என்ன வேண்டுதலோ, ஒருவர் தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தார். டமார்! சில்லு ஒன்று உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. கட்டைவிரல் வழக்கம்போலத் துள்ளியது. குனிந்து அதை எடுப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்று நான் நிற்கும்போது கைப்பேசியில் செய்தி வந்தது.

"பதினாலு அண்ணனுக்கு இன்னிக்கு முப்பதாம் நாள். பூசை முடிஞ்சதும் அஞ்சரைக்கு மார்சிலிங் பாஸ்கெட்பால் கோர்ட்ல எல்லாரும் கூடுறோம். ஆளுக்கு ஒரு நினைவு சொல்லணும். வராம இருந்துடாத தங்கச்சி."

அனுப்பியவர், ஒரு காலத்தில் கூடைப்பந்துப் போட்டிகளில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி எழுதியவர். நான் நேரம் பார்ப்பேன், அவர் புள்ளி எழுதுவார். நடுவில் ஆட்டக்காரர்களைப் பற்றி ஓயாமல் பேசுவார். பல வருடம் கழித்து நான் வேலை பார்க்கும் பேருந்து முனையத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "ஏய் டைம் கீப்பர்!" என்று கத்தி, எண் வாங்கிக்கொண்டு போனவர்.

பதினாலு என்பது சட்டை எண். அந்த மனிதரின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்களில் அப்படி ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் நான் பார்க்கவில்லை. பகலில் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சாயங்காலம் கையில் கிரீஸ் வாசனையோடு திடலுக்கு வருவார். நாட்டின் அணிச் சட்டையும் போட்டவர். இந்த ஊரில் கூடைப்பந்து பெரும்பாலும் சீனர்கள் ஆடுகிற ஆட்டம். அவர்களுக்கு நான்கு ஆகாது. அவர்கள் மொழியில் அது சாவு என்கிற சொல்போல ஒலிக்கும். பதினான்கு அதைவிட மோசம். அணியில் அந்த எண் போட்ட சட்டையை ஒருவரும் தொடாமல் வைத்திருந்தார்களாம். இவர் எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னாராம்: "எங்க கோவில்ல சிலுவைப்பாதைக்குப் பதினாலு நிலை இருக்கு. சின்ன வயசுலேருந்து முட்டி போட்டுப் பழகின நம்பர்லா. குடு."

அவருடைய ரசிகை நான். வெறி பிடித்த ரசிகை. அங்கேதான் வினை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு காத்தோங்கில், பிள்ளையார் கோவில் மணி கேட்கிற தூரத்தில். வார இறுதிகளில் போட்டிகளுக்கு நேரம் பார்க்கப் போவேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே ஒரு விதி சொன்னார். பந்தைப் பார், ஆளைப் பார்க்காதே. மேசையில் உட்காருகிறவருக்கு எந்த அணியும் சொந்தமில்லை. நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என் பென்சில் பெட்டி மூடிக்கு உட்புறம் நாளிதழில் வெட்டி எடுத்த பதினாலின் படம் ஒட்டியிருந்தது. அதை யாரிடமும் காட்டியதில்லை.

அந்த இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை, சமூக மன்றத்து அரங்கில் நடந்தது. சின்னப் போட்டிதான். மின்பலகை எல்லாம் கிடையாது. கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச், மேசையில் ஒரு பித்தளை மணி, புள்ளியைக் காட்டப் புரட்டுகிற அட்டை, அவ்வளவுதான். இருபது நிமிட இரண்டாம் பாதியில் பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி ஓடி, விசிலுக்காக என் கையில் நின்றிருந்தது கடிகாரம். பதினாலின் அணி ஒரு புள்ளி பின்னால். பந்து பக்கக் கோட்டிலிருந்து உள்ளே வரவேண்டும். வந்து, உள்ளே நிற்கிற ஓர் ஆளின் கையில் பட்ட கணம் நான் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு விநாடி முடிந்ததும் மணியை அடிக்க வேண்டும். குழந்தைகூடச் செய்யும்.

அரங்கமே எழுந்து நின்றது. தலைவலித் தைலமும் வியர்வையும் சூடான ரப்பரும் கலந்த ஒரு வாடை. பதினாலு எங்கள் மேசைப் பக்கம் முதுகு காட்டி நின்றார். எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் இரண்டு கையும் தாமாகச் சேர்ந்து கூப்பிக்கொண்டன. ஸ்டாப்வாட்ச் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில். காத்தோங் பிள்ளையாரப்பா, இது மட்டும் விழுந்துடட்டும், உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன், என்று நான் மனதுக்குள் கத்திக்கொண்டிருக்கும்போது பந்து வந்துவிட்டது. அவர் பிடித்துவிட்டார். தட்டினார். இன்னொரு தட்டு. இன்னொன்று. திரும்பினார். எகிறினார். பந்து காற்றில் ஏறும்போதுதான் கைக்குள் கடிகாரம் உறுத்தியது. அழுத்தினேன்.

பந்து வளையத்துக்குள் விழுந்தது. அதற்குப் பிறகுதான் என் கடிகாரத்தில் அந்த இரண்டு விநாடி தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் மணி அடித்தேன்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். அத்தனை சத்தத்துக்கு நடுவில் நடுவர் மேசைப் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். நேரத்துக்குள்தானே, என்று கேள்வி.

நான் தலையாட்டினேன்.

விரல் தவறியதை மன்னித்துக்கொள்ளலாம். அந்தத் தலையாட்டலை என்ன செய்வது? பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள்தான், மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. எத்தனை தடவையோ கூப்பிட்டார்கள், பரீட்சை என்றேன், காய்ச்சல் என்றேன். பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கவில்லை. திருடிக் கொடுத்த வெற்றிக்கு எந்த முகத்தோடு போய் உடைப்பது? கோவில் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தேன். அப்புறம் வீடே மாறிவிட்டோம். ஒரு வேலையில் நிலைக்கவில்லை, நாலைந்து மாறினேன். கடைசியில் வந்து சேர்ந்தது பேருந்து முனையம். வண்டிகளை நேரத்துக்கு வெளியே அனுப்புகிற வேலை. அங்கேயும் எனக்கு டைம் கீப்பர் என்றுதான் பெயர். ஓட்டுநர்கள் என்னைப் பார்த்தால் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். "இந்த அக்காகிட்ட அரை நிமிஷம் கடன் கேட்டாக்கூடக் குடுக்காதுலா" என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். என் காதில் விழும். அரை நிமிடம் என்ன ஆகும் என்று எனக்குத்தானே தெரியும்.

பதினாலு மேலும் மூன்று நான்கு ஆண்டு ஆடினார். கடைசி வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். கைதட்டியதில்லை.

அன்று சாயங்காலம் மார்சிலிங் போகத்தான் வேண்டுமா என்று உட்லண்ட்ஸ் வரை ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். யோசித்து முடிக்கும்போது திடலில் இருந்தேன். அறுபது பேருக்குக் குறையாத கூட்டம். சுற்றி நிற்கும் அடுக்குமாடி புளோக்குகளில் தேசிய தினக் கொடிகள் வரிசையாகத் தொங்கின. வளையத்துக்குக் கீழே ஒரு மேசை, வெள்ளைத் துணி, அதில் அவர் படம், பக்கத்தில் பதினான்கு போட்ட சட்டை, மடித்து. பூசையிலிருந்து நேராக வந்தவர்கள் இன்னும் அந்த மெதுவான குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். சீன அங்கிள்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு பக்கமாக, முட்டியைத் தேய்த்துக்கொண்டு.

புள்ளி எழுதிய அண்ணன்தான் மைக் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"இதோ வந்துட்டா நம்ம டைம் கீப்பர்! எல்லாரும் கேளுங்க. ஆளுக்கு முப்பது செகண்ட். அந்தக் காலத்துல பந்து கையில வந்தா முப்பது செகண்டுக்குள்ள எறிஞ்சாகணும்லா, அதே ரூல். மணி அடிச்சா மைக்கைக் குடுத்துட்டு உட்காரணும். தங்கச்சிதான் டைம்."

ஒரு ஸ்டாப்வாட்சை என் கழுத்தில் மாட்டினார். ஒரு மணியை முன்னால் வைத்தார். அண்ணே, வேண்டாமே, என்றேன். "அன்னிக்கும் நீதான், இன்னிக்கும் நீதான்" என்றார். இருபத்தெட்டு வருடம் கழித்து அந்தக் குளிர்ந்த வட்டம் என் உள்ளங்கையில்.

பேச ஆரம்பித்தார்கள். இரண்டு விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடியதை ஒரு மருத்துவமனைத் தாதி சொன்னார். தோற்றுப்போன எதிரணிக்காரரைத் தன் மோட்டார் சைக்கிளிலேயே வீட்டில் கொண்டு விட்டதை ஒருவர் சொன்னார். ஆனால் பாதிப் பேர் சுற்றிச் சுற்றி வந்து நின்றது அந்த இரண்டு விநாடியில்தான். முதலில் பேசியவர், இருபது அடியிலிருந்து போட்டார் என்றார். அடுத்தவர், மூன்று பேர் தோளில் தொங்கினார்கள் என்றார். அதற்கடுத்தவர் பாதித் திடலுக்குப் பந்தைக் கொண்டுபோனார்.

"இன்னும் ரெண்டு பேர் பேசினா பாலம் தாண்டி ஜோகூர்லேருந்து போட்டாருன்னு சொல்லிடுவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு. நானும் சிரித்தேன். மணி அடித்தேன். அடுத்தவர். மறுபடி அதே ஷாட். ஒவ்வொரு தடவையும் என் கட்டைவிரல் துடித்தது.

அப்போது அண்ணன் ஒரு காகிதத்தை விரித்தார். ரசிகர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முடிவு செய்திருந்தார்களாம். பங்குக் கோவிலில் அவர் அஸ்தி வைத்திருக்கும் மாடத்துக்குப் பளிங்குப் பலகை செய்யப் போகிறார்கள். அதில் பெயருக்குக் கீழே 'இரண்டு விநாடி' என்று பொறிப்பது. வேறு ஒன்றும் வேண்டாம், பார்க்கிறவர்களுக்குப் புரியும். பதினாலின் மனைவி அக்கா சரி என்றால் திங்கட்கிழமையே கல்லில் வெட்டக் கொடுத்துவிடலாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மனைவி, முன் வரிசையில் வெள்ளைச் சேலையில் இருந்தவர், கை தட்டவில்லை.

"கொஞ்சம் யோசிக்கலாம்" என்றார்.

"இதுல யோசிக்க என்னாக்கா இருக்கு?"

"இருக்குப்பா" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை, ஏதோ ஒன்றை வாயில் அடக்கி வைத்திருக்கிறவர் முகம்.

 இதுவரை அது என் தலையாட்டல். காற்றோடு போனது. திங்கட்கிழமை முதல் கல்லில் இருக்கும். அவர் சாம்பலுக்கு முன்னால், நான் சொன்ன பொய்யை நிரந்தரமாக நிறுத்தி வைக்கப்போகிறார்கள். வாயைத் திறந்தால் இத்தனை பேருக்கும் உயிரான அந்த ஷாட்டை, முப்பதாம் நாளன்று, அவர் மனைவி முன்னாலேயே கொன்றவளாவேன். திறக்காவிட்டால்?

எழுந்துவிட்டேன். எழுந்தேன் என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஸ்டாப்வாட்சைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தேன். "எனக்கு நீங்க டைம் பாருங்கக்கா" என்றேன். மைக்கை வாங்கினேன்.

என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. பென்சில் பெட்டியைச் சொன்னேன். கை கூப்பியதைச் சொன்னேன். தேங்காய் வேண்டுதலைச் சொன்னேன். பந்து காற்றில் ஏறின பிறகுதான் பொத்தானை அழுத்தினேன் என்றேன். "நடுவர் கேட்டாரு. நான் தலையாட்டினேன். கல்லுல வெட்டாதீங்க. அது ரெண்டு செகண்ட் இல்ல" என்றேன்.

முப்பது செகண்ட் ஆகியிருக்காது. மணி அடிக்கவில்லை.

 மேலே ஏதோ ஒரு வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்" என்றார் மெதுவாக. "அப்ப அது செல்லாதா?" என்று யாரோ கேட்டது எனக்கு அறைந்தது போல இருந்தது.

சீன அங்கிள்கள் பக்கமிருந்து ஒருவர் எழுந்தார். கைத்தடி, முட்டியில் பட்டை. அன்றைய எதிரணித் தலைவர். கடைசி இரண்டு விநாடியில் பதினாலை மறித்து நின்றவர் அவர்தான். நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார், திட்டட்டும், என்று நின்றேன். அவர் பேசியது நம் ஊர் ஆங்கிலமும் மலாயும் கலந்தது. என் தமிழில் சொல்கிறேன்.

"நீதான் அந்தப் பொண்ணா?" என்றார். "ஏன் நீ அப்புறம் வரவே இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எங்களுக்குத் தெரியும்லா. அவனே சொன்னான். ஆட்டம் முடிஞ்சு கை குலுக்கும்போதே என் காதுல சொன்னான், டைம் ஸ்லோன்னு. 'மூணு தட்டு தட்டிட்டு எறிஞ்சேன். மூணு தட்டு ரெண்டு செகண்டுக்குள்ள வராது, என் உடம்புக்குத் தெரியும்'னான். நடுவர்கிட்டயும் போனான். மேசை சொன்னதுதான் முடிவு, போய் கோப்பையை வாங்குன்னு அவர் விரட்டிட்டார். சரி, நாளைக்கு உன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு என் கோர்ட்டுக்கு வான்னு திரும்பி வந்து என்கிட்ட சொன்னான்."

கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"இங்கதான். இதே கோர்ட். ஞாயித்துக்கிழமை, அவன் பூசைக்குப் போயிட்டு வந்த பிறகு. அவங்க அஞ்சு பேர், நாங்க அஞ்சு பேர். வெளியாள் ஒருத்தன் இல்ல. கோப்பையை காய்கறி வாங்குற பாசார் பையில போட்டுக் கொண்டுவந்திருந்தான். எங்க பக்கம் கோட்டுக்கு வெளிய வெச்சான். 'ரெண்டு செகண்டை மட்டும் திரும்ப ஆடுவோம். விழலைன்னா எடுத்துக்கிட்டுப் போ'ன்னான். எனக்குக் கோவம். பைத்தியமா நீ, முடிஞ்சு போச்சுலான்னேன். என்ன சொன்னான் தெரியுமா? 'நேத்து விழுந்தது மேசையில ஒரு பொண்ணு கும்பிட்டாளே, அவ கும்பிட்டதுல விழுந்தது. எனக்கு என் கையால விழணும்.'"

பதினாலு பார்த்திருக்கிறார். பந்து விழுந்ததும் நேரம் தெரிந்துகொள்ள மேசைப் பக்கம் திரும்பியவர், கூப்பிய கையைப் பார்த்திருக்கிறார்.

"டைம் யாரு பார்த்தது?" என்று அண்ணன் கேட்டார். மைக்கை அவர் வாய்க்கு நீட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க ஆள்தான். எதிரணி ஆள்தான் பார்க்கணும்னு அவனே சொன்னான். மணி இல்ல, பிஸ்கட் டின்னும் கரண்டியும். நான் விட்டுக்கொடுத்தேன்னு நினைக்காதே. ரொம்ப கோவத்துல இருந்தேன். இப்படி நின்னேன்." கைத்தடியை விட்டுவிட்டார். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கினார். எழுபதை நெருங்குகிற அந்த மனிதர் தரையிலிருந்து ஓர் அங்குலம் எகிறினார். "பந்து வந்துது. அவன் தட்டவே இல்ல. ஒரு தட்டு இல்ல. காத்துலேயே வாங்கி, காத்துலேயே திரும்பி, என் விரலுக்கு மேல விட்டான். என் நகத்துல உரசிக்கிட்டுப் போச்சு. பந்து வளையத்துல விழுந்து வலை ஆடுது, அதுக்கப்புறம்தான் எங்க ஆள் டின்னைத் தட்டுறான். அதுக்கப்புறம்! புரியுதா? அந்த மாதிரி ஒரு ஷாட் நான் எங்கயும் பார்த்ததில்ல."

"விழுந்துதா?" என்று யாரோ கத்தினார்கள்.

"விழுந்துச்சுலா! அதைத்தானே சொல்றேன்!"

அவ்வளவுதான். அறுபது பேரும் எழுந்துவிட்டார்கள். விசில், கைதட்டு, நாற்காலி சாய்கிற சத்தம். சாவு வீட்டுக் கூட்டம் என்று வெளியாள் சொல்லவே மாட்டான். ஐந்தாவது மாடியிலோ ஆறாவது மாடியிலோ ஒருவர் எட்டிப் பார்த்து, யாரு ஜெயிச்சது, என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பதினாலு!" என்று கீழேயிருந்து பதில் போனது.

அண்ணனுக்கு மட்டும் ஆறவில்லை. "இத்தனை வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார்.

"உங்ககிட்ட சொல்றதும் ஒண்ணு, லிட்டில் இந்தியாவுல மைக் வெச்சுச் சொல்றதும் ஒண்ணு" என்றார் அக்கா. அப்போதுதான் அவர் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதோ அந்தப் புளோக்கில், ஐந்தாவது மாடிச் சமையலறை ஜன்னலில் கரண்டியோடு நின்று பார்த்தாராம். அடுப்பில் ஆட்டுக்கறி. டின் தட்டிய சத்தம் கேட்டதும் கரண்டி கீழே விழுந்துவிட்டதாம். பத்துப் பேரும் மேலே வந்து சாப்பிட்டார்களாம். கோப்பையில் பண்டுங் என்கிற ரோஜாப் பாலை ஊற்றி ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்களாம். "அன்னிக்கு வந்த சிரிப்பு, கல்யாணத்தன்னிக்குக்கூட அவர் மூஞ்சியில வரலை."

"அப்புறம் ஏன் வெளியே சொல்லலை?" என்று நான் கேட்டேன். 

அங்கிள்தான் பதில் சொன்னார். "நாங்களும் கேட்டோம். இதைப் போய் யாரு மறைப்பான்? பேப்பர்காரன்கிட்டயே சொல்லலாம்னோம். வேணாம்னான். 'அதைச் சொன்னா இதையும் சொல்லணும். அந்தப் பொண்ணு பேரு கெட்டுடும், சின்னப் பொண்ணு. அடுத்த ஆட்டத்துக்கு வரும், நானே தனியா சொல்லிக்கிறேன்'னான். ஒவ்வொரு ஆட்டத்துலயும் மேசையைத்தான் முதல்ல பார்ப்பான்." கைத்தடியை என் பக்கம் நீட்டினார். "நீ வந்தாத்தானே!"

தன் கையிலிருந்து போன ஆகச் சிறந்த ஷாட். ஓர் ஆட்டக்காரனுக்கு அதைவிட என்ன சொத்து? அதைப் பத்துப் பேருக்குள் புதைத்துவிட்டு, சுமாரான ஒன்றை ஊரெல்லாம் புகழப் புகழக் கேட்டுக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். யார் என்றே தெரியாத ஒருத்திக்காக. நானோ அவர் ஆட்டத்துக்குக் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, அவர் பார்க்கிற மேசையை நானும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அழுதேன். ஆனால் அழவிடவில்லை அவர்கள். "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று கூட்டம் கத்தியது. பதினாலின் பழைய அணிக்காரர் ஒருவர், வயிறு முன்னால் தள்ள, பந்தை எடுத்துக்கொண்டு பக்கக் கோட்டுக்குப் போனார். அங்கிள் தன் இடத்தில் கையைத் தூக்கி நின்றார். அவருக்கு எதிரே பதினாலு நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் போய் நிற்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா ஸ்டாப்வாட்சைத் திரும்ப என் கழுத்தில் மாட்டினார். "சரியா பாரு" என்றார்.

பந்தைப் பார்த்தேன். பந்தை மட்டும்தான். கோட்டிலிருந்து கிளம்பியது, மாலை வெயிலில் ஒரு முறை சுழன்றது, யாரும் இல்லாத அந்த இடத்தில் தரையைத் தொட்டது. தொட்ட அதே கணத்தில் என் விரல் இறங்கியது. "ஒண்ணு!" என்று அறுபது பேர். "ரெண்டு!" மணியை அடித்தேன். அந்த அடி எனக்கே காதில் வலித்தது. அப்படி ஒரு கூச்சல் எழுந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், வலை ஆடியதை நான் பார்த்தேன். பார்த்ததாக அங்கே எல்லோரும்தான் சொன்னார்கள். இனி அடுத்த வருடம் அவர்கள் சொல்லும்போது, ஜோகூரைத் தாண்டியே போனாலும் போகட்டும்.

பளிங்குப் பலகைக்கு அக்கா சரி சொன்னார். ஒரு திருத்தத்தோடு. இப்போது அந்த மாடத்தில் பெயருக்குக் கீழே 'இரண்டு விநாடி, இரண்டு முறை' என்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் யாராவது விளக்கம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையிலேயே காத்தோங் போனேன். எத்தனை வருடம் கழித்து அந்தத் தெருவுக்குள் நுழைகிறேன். தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கும்போது கட்டைவிரல் துடிக்கும் என்று காத்திருந்தேன். துடிக்கவில்லை. ஒரே அடியில் சிதறியது. இரண்டாவதும் அப்படியே. இப்போதும் முனையத்தில் வண்டிகளை நேரத்துக்குத்தான் அனுப்புகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஓட்டுநர் யாராவது ஓடி வந்து, ஒரு வயதானவர் ஏறிக்கொண்டிருக்கிறார் அக்கா, என்றால் கடிகாரத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறேன். நாம் செய்த தவறை நமக்குத் தெரியாமலே எங்கோ ஒருவர் தன் கையால் சரிசெய்து வைத்துவிட்டு, அதைச் சொல்வதற்கு நமக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். நாம்தான் ஒளிந்து திரிகிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலியான மேசை நாற்காலி கண்ணில் வருகிறது.

அந்தத் தேங்காய்கள் அக்கா சொல்லி உடைத்தவை. அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். தூரத்தில் என் வண்டி திரும்புகிறது. "காத்தோங் பிள்ளையாரை இத்தனை வருஷமா காக்க வெச்சிருக்கியே, பாவம் இல்ல?" என்றார். நாளைக்கே ஒரு தேங்காய் உடைத்துவிடுகிறேன் அக்கா, என்றேன். வண்டி வந்து நின்றது. நான் படியில் கால் வைத்த பிறகு பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒண்ணு இல்லம்மா, ரெண்டா உடை. ரெண்டாவது, நீ பார்க்காத ஷாட்டுக்கு."